மூன்று கால்பந்தும் ஒரு விமானமும்



நான் எழுதப் போவது ஒரு விமானத்தைப் பற்றி. அதுக்கு இன்ஜின் கிடையாது. பெட்ரோல் கிடையாது. ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். சக்கரத்துக்குப் பதிலாக அடியில் மூன்று கால்பந்து! சிரிக்காதீங்க, உண்மைதான். அதன் பெயர் வாம்பியர். ரத்தம் குடிக்கும் பேயின் பெயர். ஆனால் இந்தப் பேய் குடித்தது காற்றை மட்டும்தான். இன்ஜின் இல்லாமல் பறக்கும் இந்த மாதிரி விமானத்தை கிளைடர் என்று சொல்வார்கள். ஊர்ப்புற நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் இதைப் பார்த்தேன். புரியாததை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். மரவேலை சம்பந்தப்பட்டதை எங்க அப்பாவிடம் கேட்டேன். அப்பா தச்சு வேலை செய்கிறார் என்பது உங்களில் பல பேருக்குத் தெரியும். நம்ம ஆறாம் வகுப்புக் கதவுக்கு நிலை செஞ்சது அவர்தான்.

ஏன் இன்ஜின் இல்லை?

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. 1919-ல் வெர்சாய் என்ற ஊரில் போட்ட ஒப்பந்தப்படி அந்த நாடு விமானப்படை வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த சில வருடங்களில் இன்ஜின் விமானம் செய்யவும் பல தடைகள் வந்தன. அங்கே விமானத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்கள் என்ன செய்வார்கள்? இன்ஜின் இல்லாத விமானத்தை யாரும் தடுக்கவில்லை. சரி, அதையே செய்வோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகை ஆசிரியர் 1920-ல் வாசர்குப்பே என்ற மலையில் ஒரு கிளைடர் போட்டி ஏற்பாடு செய்தார். மலையின் உயரம் 950 மீட்டர். அந்த முதல் வருடம் வொல்ஃப்காங் கிளெம்பரர் என்பவர் 2 நிமிடம் 22 வினாடி பறந்தார். அவ்வளவுதானா என்று கேட்கலாம். ரைட் சகோதரர்களில் தம்பியான ஆர்வில் ரைட் 1911-ல் அமெரிக்காவில் 9 நிமிடம் 45 வினாடி இன்ஜின் இல்லாமல் பறந்தார். உலகத்திலேயே அதுதான் அதிகம். ஏறக்குறைய பத்து வருடம் அதை ஒருவராலும் தாண்ட முடியவில்லை.

விழுந்துகிட்டே பறப்பது

இன்ஜின் இல்லாத விமானம் எப்படி மேலே நிற்கும்? டீச்சர் ஒரு வரியில் சொன்னாங்க: “அது பறக்கலம்மா, மெதுவா விழுந்துகிட்டே இருக்கு.” எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு கிணற்றடியில் யோசித்துப் பார்த்தேன். தண்ணி இறைக்கிற வாளியில் ஒரு எறும்பு கீழ்நோக்கி நடக்குது என்று வைங்க. நாம கயிற்றை இழுக்க இழுக்க வாளி மேலே வருது. எறும்பு கீழேதான் நடக்குது, ஆனால் வாளியோடு சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. கிளைடர்தான் அந்த எறும்பு. மேலே ஏறும் காற்றுதான் வாளி. காற்று வந்து மலைச்சரிவில் மோதினால் போக வழியில்லாமல் மேலே ஏறும். கிளைடர் விழும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகமாக இருந்தால் கிளைடர் கீழே வராது.

நம்ம ஊர்ப் பாறைக்கு மேலே மத்தியான வெயிலில் பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டம் போடுமே, அதுவும் இதே கணக்குதான். அங்கே பாறைச் சூட்டில் காற்று மேலே ஏறுகிறது.

அப்படியானால் விமானம் செய்கிறவர் முன்னால் இருந்த கேள்வி, எப்படிப் பறக்கிறது என்பது இல்லை. எவ்வளவு மெதுவாக விழ முடியும் என்பதுதான்.

மாணவர்கள் செய்த விமானம்

ஹானோவர் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் கியோர்க் மாடெலுங் என்பவர் இந்தக் கேள்விக்கு ஒரு விமானம் வரைந்தார். ப்ளூமே, ஹென்ட்சன், மார்டென்ஸ் என்ற மாணவர்கள் கூடச் சேர்ந்து உழைத்தார்கள். 1921-ல் வாம்பியர் தயாரானது.

முதல் விஷயம், நீளமான இறக்கை. இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் இறக்கை நுனியைச் சுற்றிக்கொண்டு காற்று கீழிருந்து மேலே ஓடிவிடப் பார்க்கும். அது நஷ்டம். இறக்கை முறம் மாதிரி அகலமாக இல்லாமல் நீளமாக, குறுகலாக இருந்தால் அந்த நஷ்டம் குறையும். வாம்பியரின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 12.6 மீட்டர். நம்ம வகுப்பறையை நான் அடி வைத்து அளந்தேன், 20 அடி. இறக்கை அதைப்போல இரண்டு மடங்கு நீளம்!

இவ்வளவு நீளமான இறக்கை ஒடியாதா, முறுக்கிக்கொள்ளாதா? இதுதான் இரண்டாவது விஷயம். இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு காலி ஸ்வீட் பெட்டியை எடுங்க. மூடி இல்லாமல் இரண்டு கையாலும் முறுக்கினால் சுலபமாக வளையும். மூடியைப் போட்டுச் சுற்றிலும் பசை தடவி ஒட்டிவிட்டு முறுக்குங்க. அசையாது. அதே அட்டைதான், மூடியின் எடை மட்டும்தான் கூடியது. மூடியதால் பலம் வந்தது. வாம்பியர் இறக்கையிலும் இதைத்தான் செய்தார்கள். உள்ளே நீளவாக்கில் ஒரே ஒரு முக்கியச் சட்டம். அதற்கு முன்பக்கம் மட்டும் மெல்லிய பிளைவுட்டை வளைத்து மூடினார்கள். வெட்டிப் பார்த்தால் பாதி நிலா மாதிரி இருக்கும். பின்பக்கம் பலம் அதிகம் தேவையில்லை, அதனால் வெறும் துணி. கம்பி, கயிறு, முட்டு எதுவும் வெளியே இல்லை. ஆள் இல்லாமல் மொத்த விமானமும் ஏறக்குறைய 120 கிலோ. ஐம்பது கிலோ அரிசி மூட்டை இரண்டும் இன்னும் ஒரு இருபது கிலோவும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் கால்பந்து. சக்கரம், அச்சு, அதைத் தாங்கும் கம்பிகள் எல்லாம் காற்றில் நீட்டிக்கொண்டு இருந்தால் விமானத்தைப் பின்னால் இழுக்கும். அதனால் வயிற்றுக்குள் பாதி புதைந்த மாதிரி பந்துகளை வைத்துவிட்டார்கள். இறங்கும்போது அதிர்ச்சியும் தாங்கும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவர்களுக்குப் பந்தும் சக்கரம்! (நம்ம பள்ளிக்கூடத்துப் பந்தை யாரும் தூக்கிட்டுப் போயிடாதீங்க, இருக்கிறதே ஒண்ணுதான். அதையும் எங்க கையில தர்றதில்ல, எங்களுக்கு வளையம்தான்.)

இதெல்லாம் சேர்ந்து என்ன கிடைத்தது? காற்று அசையாமல் இருந்தால் வாம்பியர் ஒரு அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 16 அடி முன்னே போகும். நம்ம ஊர் தண்ணி டேங்க் ஐம்பது அடி உயரம்னு வைங்க. அதன் உச்சியிலிருந்து விட்டால் 800 அடி தள்ளிப் போய்த்தான் தரையைத் தொடும்.

மூன்று மணி நேரம்

இன்ஜின் இல்லாததைக் கிளப்புவது எப்படி? பெரிய ரப்பர் கயிற்றை விமானத்தின் மூக்கில் மாட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். பின்னால் பிடித்திருப்பவர்கள் விட்டதும் கவட்டையில் வைத்த கல் மாதிரி கிளம்பிவிடும்.

1921-லேயே சில பேர் ஆர்வில் ரைட்டைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் நிமிடக் கணக்குதான். 1922 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மார்டென்ஸ் வாம்பியரில் ஏறி, மலைச்சரிவுக் காற்றிலேயே போய்ப் போய்த் திரும்பி 1 மணி 6 நிமிடம் பறந்தார். நமக்கு ஒன்றரை பீரியடு. உலகத்தில் அதுவரை யாரும் இன்ஜின் இல்லாமல் ஒரு மணி நேரம் பறந்ததில்லை. ஆறே நாளில், ஆகஸ்ட் 24-ஆம் தேதி, ஹென்ட்சன் அதே விமானத்தில் 3 மணி 10 நிமிடம் பறந்தார். காலையில் பிரேயர் முடிந்து உட்கார்ந்தால் சாப்பாட்டு மணி வரைக்கும்!

முன்பக்கத்தை மட்டும் பிளைவுட்டால் மூடும் முறை பிறகு வந்த மரக் கிளைடர்களில் சாதாரணமாகிவிட்டது. 1957-ல் ஸ்டுட்கார்ட்டில் மரத்துக்குப் பதிலாகக் கண்ணாடி இழையால் பீனிக்ஸ் என்ற ஒற்றை ஆள் கிளைடர் செய்தார்கள். இன்று நல்ல கிளைடர்கள் ஒரு அடி இறங்குவதற்குள் 50 அடி போகின்றன. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அதே நாடு கிளைடரில் பழகியவர்களைப் பின்னால் அடுத்த போருக்கும் பயன்படுத்திக்கொண்டது. கலையின் மேல் குற்றமில்லை, கையாண்டவர்கள் மேல்தான் என்று டீச்சர் சொன்னாங்க.

நான் இதை ஏன் எழுதுகிறேன்?

வாம்பியரைக் கட்டியது ஒரு ரயில் பெட்டித் தொழிற்சாலை. போர்க்காலத்தில் அவர்கள் விமானமும் செய்தவர்கள். அங்கே அதைச் செய்தது மரவேலைக்காரர்களின் கை. இதைப் படித்ததும் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன்.

இப்போ எல்லாரும் கடையில் ரெடிமேடு கதவு வாங்கிவிடுகிறார்கள். அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் வேலை இல்லை. “இந்த உளி என்னோட போகட்டும், இதுல என்ன இருக்கு”ன்னு அடிக்கடி சொல்வார். அன்றைக்குப் படத்தை விளக்கடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். முதல் கேள்வி, “பசை என்ன பசை?” அந்தக் காலத்து மர விமானங்களில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசை போடுவார்கள் என்று சொன்னேன். “பால்லயா!” என்றார். பிறகு பிளைவுட்டில் ஒரு தாளின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் ஓடுவதை விரலால் வரைந்து காட்டினார். “மரத்தை இழைச்சு எடையைக் குறைக்க எவனாலும் முடியும். எங்கே குறைக்கணும்னு தெரியணும். அது கணக்கு” என்றார்.

பத்தாவது முடிந்ததும் நான் முதல் குரூப் எடுக்க ஆசைப்படுகிறேன். அதுக்கு டவுனுக்கு பஸ்ஸில் போகணும். வயசுப் பொண்ணை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பணும்னு அத்தை கேட்கிறாங்க. அம்மா ஒண்ணும் சொல்லலை. இன்னும் முடிவாகலை. ஆனால் அன்றைக்கு அப்பா, “அது கணக்கு” என்று சொன்னாரே, அதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தோழிகளே! நம்மிடம் இல்லாதது நிறைய. லேப் இல்லை, நல்ல பந்து இல்லை. இல்லை என்று சொல்வதில் தப்பில்லை, அது உண்மைதானே. ஆனால் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். அந்த மாணவர்கள் “இன்ஜின் இல்லையே” என்பதோடு நிறுத்தவில்லை, “எவ்வளவு மெதுவாக விழலாம்?” என்று கேட்டார்கள். மூன்று மணி நேரம் கிடைத்தது.

ஸ்வீட் பெட்டியை மறக்காமல் முறுக்கிப் பாருங்க. முறுக்கிப் பார்த்தவர்கள் எனக்குச் சொல்லுங்க.



— 9-ஆம் வகுப்பு மாணவி