இன்னொரு வழி இருந்தது

எதிர்த் தரப்பு வக்கீலின் வாதம் பாதிக்கு மேல் சரியாக இருந்தும் நாங்கள் ஜெயித்த வழக்கு இது. கொங்குப் பக்கத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஒன்றில் நடந்தது.

மனுதாரர் ஓய்வுபெற்ற பஞ்சாலைத் தொழிலாளி, எழுபதைத் தாண்டியவர். நுரையீரலின் வெளியோரத்தில் 3.5 செ.மீ. புற்றுக்கட்டி; வேறெங்கும் பரவவில்லை. பீடியால் நுரையீரல் கெட்டிருந்ததால் ஆபரேஷன் தாங்காது என்றார்கள். அதில் எங்களுக்குத் தகராறு இல்லை. அதற்குப் பதிலாக, நாங்கள் வழக்குத் தொடுத்த மருத்துவமனையில் ஆர்.எஃப்.ஏ. செய்தார்கள். சி.டி. ஸ்கேனில் பார்த்தபடி விலா இடுக்கில் ஊசி செலுத்தி, கட்டியைச் சூட்டால் பொசுக்கும் முறை. ஓராண்டுக்குள் அதே இடத்தின் விளிம்பில் மறுபடி முளைத்தது. வேறொரு டாக்டரிடம் போனபோதுதான் எஸ்.பி.ஆர்.டி. என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டார்.

"தப்பான வைத்தியம்னு போடுங்க சார்" என்றார் மகன். அது நிற்காது என்றேன். ஆர்.எஃப்.ஏ. அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை, ஒரே அமர்வில் முடியும், தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். ஆனால் 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளில் அதன் பலன் குறையும். பெரிய ரத்தக்குழாய் அருகிலிருந்தால், ஓடும் ரத்தம் சூட்டைக் கடத்திக்கொண்டு போய்விடும். எஸ்.பி.ஆர்.டி.யில் ஊசி கிடையாது. மூச்சுக்கேற்ப கட்டி அசைவதைக் கணக்கிட்டு, பல கோணங்களிலிருந்து வீரியமான கதிர்வீச்சைச் சில அமர்வுகளிலேயே பாய்ச்சுவார்கள். அதற்கும் எல்லை உண்டு: நடு மூச்சுக்குழாயை ஒட்டிய கட்டி என்றால் ஆபத்து. எங்கள் கட்சிக்காரருக்கு அந்தத் தடை இல்லை.

ஆய்வுகளைத் தாக்கல் செய்தேன். எஸ்.பி.ஆர்.டி. பற்றி 2010இல் வெளியான ஆர்.டி.ஓ.ஜி. 0236 ஆய்வில் மூன்று அமர்வுகளில் 54 கிரே கதிர்வீச்சு கொடுத்தார்கள். மூன்றாண்டு கழித்தும் 97.6 சதவீதத்தினருக்கு மூலக்கட்டி கட்டுக்குள் இருந்தது. ஆர்.எஃப்.ஏ. பற்றிய இசட் 4033 ஆய்வில், 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளிலேயே, இரண்டாண்டில் அதே இடத்தில் மீளாதிருந்தவர்கள் 59.8 சதவீதம். வழக்கமான கரண்ட், அதாவது சாதாரணக் கதிர்வீச்சு, போதாதா என்று ஆணைய உறுப்பினர் கேட்டார். 2019இன் சிசல் ஆய்வைக் காட்டினேன்: கட்டி மீண்டது அதில் 31 சதவீதம், எஸ்.பி.ஆர்.டி.யில் 14.

எதிர்த் தரப்பு வக்கீல் நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். "0236இல் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 55.8 சதவீதம்தானே? அதைப் படிக்காமல் விட்டுவிட்டாரே! அதுவும் இசட் 4033உம் தனித்தனியாக, வேறு வேறு நோயாளிகளிடம் நடந்தவை. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடு ஆகிவிடுமா?" என்றார். இரண்டும் உண்மை. கட்டி அடங்கினாலும் இத்தகைய நோயாளிகளைப் பழைய மூச்சுநோயோ இதயநோயோ கொண்டுபோய்விடும். எனவே எது சிறந்த சிகிச்சை என்ற சண்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டியது 2008இன் சமீரா கோலி தீர்ப்பு. நோயாளியின் சம்மதம் செல்ல வேண்டுமானால் மாற்றுச் சிகிச்சைகளையும் சொல்லியிருக்க வேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்மதப் படிவத்தில் மாற்று என்ற கட்டத்தில் 'அறுவைச் சிகிச்சை, தகுதியில்லை' என்று மட்டும் எழுதியிருந்தது. இப்படிப்பட்ட ஆணையங்களில் குறுக்கு விசாரணை பெரும்பாலும் எழுத்துக் கேள்விகள்தான். நான் கேட்டது: "எஸ்.பி.ஆர்.டி. பற்றி நோயாளியிடம் சொன்னீர்களா?" வந்த பதில்: "எங்கள் மருத்துவமனையில் அந்த வசதி இல்லை."

கேட்டதற்கு அது பதிலே இல்லை. கிடைக்கக்கூடிய மாற்று என்றால் தங்கள் கட்டடத்துக்குள் கிடைப்பதுதான் என்று கடைசிவரை வாதாடினார்கள். பெரியவரின் பிரமாண வாக்குமூலத்தில் அதற்கு ஒரு வரி இருந்தது: சொல்லியிருந்தால் சென்னைக்கு பஸ் ஏறிப் போயிருப்பேன்.

சிகிச்சையில் கவனக்குறைவு நிரூபணமாகவில்லை, மாற்றைச் சொல்லாதது சேவைக் குறைபாடு என்று உத்தரவானது. கேட்ட தொகையில் சிறு பகுதிதான் கிடைத்தது. மகனுக்கு அதில் வருத்தம். மேல்முறையீடு செய்த மருத்துவமனை, பிறகு அதை வாபஸ் வாங்கிப் பணத்தைக் கட்டியது.