கொம்பு ஓணானின் மலை

பதுளை மாவட்டத் தோட்டங்களுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில் சம்பளம், லயன் அறை, குடிநீர் என்றே என் குறிப்பேடு நிறையும். இம்முறை ஓர் ஓணானைப் பற்றி எழுதுகிறேன்.

ஓஹியாவுக்கு அப்பால், ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய குளிர்காடுகளில் அது வாழ்கிறது. மூக்கு நுனியில் சிறு கொம்பு. ஆணுக்கு அது நீளம். வேலியோரத்து ஓணானைப் போல் விரைந்தோடாது. பாசி படர்ந்த மரத்தில் அசையாது ஒட்டியிருக்கும். இலங்கையின் மத்திய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்கு இயற்கை வாழிடமில்லை.

அக்காட்டின் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் இரையாயிற்று. எஞ்சிய ஓணான்களை ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்துகிறார்கள். 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் மாநாடு இதனை வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கொழும்பில் நடக்கவிருந்த அம்மாநாடு, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் இடம் மாறியது.

'இந்நாட்டுக்கே உரிய உயிரினம்' என்று வாசிக்கையில் மனம் வேறிடம் செல்கிறது. அம்மலைகளில் தேயிலை வளர்த்தவர்களின் வாரிசுகளில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. காடழிந்ததில் இலாபம் கண்டவர்களும் அவர்களல்லர்.

அப்பகுதித் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஓணானைப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்யுங்கள். ஓணானைக் கண்டதும் கல்லெடுக்கும் கை, இதுவும் நம் மலையின் பிள்ளை என்றறிந்தால் தயங்கும். கடத்த வருபவனை முதலில் காணப்போவதும் அந்தப் பிள்ளைகளின் கண்கள்தாம்.