பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவிலைப் புதுப்பித்தபோது எனக்குப் பத்து வயது. தமிழ்ப்பள்ளி விட்டதும் நாங்கள் சாய்ந்து உட்காரும் மரத்தூண்கள் மறைந்தன. சிமெண்டுத் தூண்களும் பளபளக்கும் டைல்ஸும் வந்தன. ஊரே மகிழ்ந்தது. தாத்தா மட்டும், “ஆத்தா இருக்கா. நாங்க கட்டுன கோயிலத்தான் காணோம்” என்றார். அன்று எனக்கு விளங்கவில்லை.

சென்ற விடுமுறையில் கத்தோலிக்கத் தோழி ஒருத்தியுடன் சிங்கப்பூரின் நல்லாயன் பேராலயத்திற்குச் சென்றபோதுதான் விளங்கியது. 1843-இல் அடிக்கல் நாட்டி 1847-இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. சிலுவை வடிவத் தரையமைப்பு, வாசலில் உருண்டு திரண்ட தூண்கள், மேலே கூர்ங்கோபுரம். சுவர்களில் விரிசல் கண்டிருந்த நிலையில் 2013-இல் மூடினார்கள், ஆனால் இடிக்கவில்லை. அடித்தளத்தை வலுப்படுத்தி, 2016-இல் மீண்டும் திறந்தார்கள். அப்பணியின்போது அடிக்கல்லின் கீழே பழைய செய்தித்தாள்களும் நாணயங்களும் கிடைத்தன. 1912-ஆம் ஆண்டின் குழாய் ஆர்கனையும் சீர்செய்தார்கள். இக்காலத் தேவைகளுக்கோ பக்கத்தில் தனிக்கட்டடம் எழுப்பினார்கள்.

தோழி மண்டியிட்டு வேண்டினாள். நான் தூணைத் தொட்டுப் பார்த்தபடி தாத்தாவை நினைத்துக்கொண்டேன். முன்னோர் உழைப்பைக் காப்பதும் வழிபாடுதானே!

இப்போது எனக்கு 22 வயது. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, எங்கள் கோவிலில் அடுத்த கும்பாபிஷேகப் பேச்சு எழுந்துள்ளது. தாத்தா இல்லை. அவர் காலத்து வெண்கல மணி மட்டும் எஞ்சியிருக்கிறது. அதையும் மாற்றிவிட்டுப் புதியது வாங்கலாம் என்கிறார்கள். திருப்பணிக் கூட்டத்தில் இம்முறை நான் எழுந்து பேசுவேன். தோழர்களே, உங்கள் ஊரிலும் இப்படியொரு மணி இருக்கிறதா?