சிகாகோ மாநாடும் செய்தியாளரும்

செய்தி நடுநிலை பிறழ்ந்தது என்றால், பொய் புகுந்துவிட்டது என்றே பலரும் பொருள் கொள்வர். 1968 ஆகஸ்டில் சிகாகோவில் கூடிய அமெரிக்க ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போதோ, தொலைக்காட்சி காட்டிய மெய்யே பழிக்கு ஆளாயிற்று.

அதிபர் வேட்பாளரைத் தெரிவு செய்யக் கட்சி கூடியிருந்தது. வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர் பலர் நகரில் திரண்டிருந்தனர். 28ஆம் நாள் இரவு கான்ராட் ஹில்டன் விடுதியின் முன் காவலர் அவர்களைத் தடிகொண்டு தாக்கினர். மின்தொழிலாளரின் வேலைநிறுத்தத்தால் தெருவிலிருந்து நேரடி ஒளிபரப்புக்கு வழியில்லை. படமெடுத்து, எடுத்துச் சென்று, பின்னரே ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. ஆகவே, மண்டபத்தில் ஹியூபர்ட் ஹம்ப்ரியை வேட்பாளராக்கும் சடங்குகளின் இடையிடையே, முன்பே நடந்து முடிந்த அடிதடி திரையில் வந்து போயிற்று. ஹம்ப்ரியின் வெற்றிக்கும் சிந்திய குருதிக்கும் தொடர்பு உண்டென்று எவரும் சொல்லவில்லை. காட்சிகளை வைத்த வரிசையே அதைச் சொல்லிற்று. தொடரில் சொல் நிற்கும் இடம் பொருளை மாற்றுவதை அன்றாடம் கற்பிக்கும் தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று.

காவலர் அடித்ததைக் காட்டியவர்கள், அவர்கள்மீது வீசப்பட்ட கற்களையும் வசைகளையும் காட்டவில்லை என்று மேயர் ரிச்சர்ட் டேலியின் தரப்பினர் குறைகூறினர். இக்குறையை முற்றும் தள்ளிவிட இயலாது. ஆனால் அடி விழுந்ததும் மெய்தானே!

சி.பி.எஸ். நிறுவனத்தின் வால்டர் கிரான்கைட் பட்ட பாடு தனி. 27ஆம் நாள் தம் செய்தியாளர் டேன் ரேதர் மண்டபத்துள்ளேயே குத்துப்பட்டபோது, தாக்கியவர்களை ஒளிபரப்பிலேயே முரடர் என்று சினந்துரைத்தார். இரண்டு நாள் கழித்து டேலியைப் பேட்டி கண்டபோதோ மிகவும் பணிந்துபோனார். சினந்தபோது சார்பு, பணிந்தபோது நடுநிலை என்று கொள்வதா? பணிவே பெரிய பிழை என்று தோன்றுகிறது. கேட்டிருக்க வேண்டிய வினாக்கள் கேட்கப்படாமலே போயின.

மக்கள் தீர்ப்பு எதிர்பாராதது. கேலப் நிறுவனக் கருத்தாய்வில் 56 விழுக்காட்டினர் காவலரின் செயலை ஏற்றனர். தொலைக்காட்சியைக் கண்டித்துக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களும் அதே படத்தைக் கண்டவர்களே.

டேனியல் வாக்கர் தலைமையிலான ஆய்வுக்குழு 3,437 பேரின் வாக்குமூலங்களை ஆராய்ந்தது. கிளர்ச்சிக்காரர் காவலரைத் தூண்டியதை அது மறைக்கவில்லை. ஆயினும் அங்கே நடந்ததற்குக் காவலர் கலவரம் என்றே பெயரிட்டது. அவ்வறிக்கை வெளிவந்தபோது டிசம்பர் பிறந்திருந்தது. நவம்பர்த் தேர்தலில் நிக்சனிடம் ஹம்ப்ரி தோற்றுவிட்டிருந்தார்.