சும்மா இரண்டு ராத்திரி

“யாருக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டார் மாமியார்.

“விசேஷம் ஒண்ணும் இல்ல அத்தை. சும்மா போறோம்.”

“சும்மா போறவங்க சாயந்தரம் திரும்பி வர வேண்டியதுதான? ராத்திரி எதுக்குத் தங்கணும்?”

44 வயதில், இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு புகைப்படம். என்னோடு படித்த தோழி இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கே ஏதோ கிராமத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சின்ன வீட்டில் இரண்டு நாள் தங்கியதாகப் படம் அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் மேயும் பச்சை மேடு. உள்ளே இரும்பு அடுப்பில் விறகு எரிகிறது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறாள். கீழே ஒரு வரி: “ஒரு வேலையும் செய்யலடி, தூங்கினேன்.” வீட்டைவிட அந்த வரியைத்தான் நான் பலமுறை பார்த்தேன்.

எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தெரிகிற மலை கல்வராயன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்தால் மலைப்பாதை தொடங்கிவிடும். பள்ளிப் பிள்ளைகளோடு பலமுறை போயிருக்கிறேன். பெரியார் அருவியில் நனைந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம். அந்த மலையில் இருட்டு எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை.

கரியாலூர் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குள் மரப்பலகை வீடு வாடகைக்குக் கிடைக்கிறது என்று சக ஆசிரியை சொன்னார். ஒரு ராத்திரிக்கு 3,000 ரூபாய். அவரும் நானும் போவதென்று முடிவானது. கடைசி நேரத்தில் என் அம்மாவையும் சேர்த்துக்கொண்டோம்.

“அந்த மலையிலயா? பொம்பளைங்க மட்டுமா?” என்றார் என் கணவர். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2024 ஜூனில் எங்கள் ஊர் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கல்வராயன் என்றாலே சாராய மலை என்று பேச்சாகிவிட்டது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. அங்கே வாழும் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். ஆனால், சாராயத்தால் ஒரு பெண்ணுக்கு வரும் ஆபத்து மலைமேல் காத்திருப்பதில்லை. குடித்துவிட்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் ராத்திரி நல்ல குளிர். வெளியில் விறகு மூட்டி உட்கார்ந்தோம். வீட்டை விட்டு வெளியில் எத்தனை ராத்திரி தங்கியிருக்கிறாய் என்று அம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். அம்மா விரல் மடக்கி எண்ணினார். பிரசவம் இரண்டு. என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் 4 நாள். அப்பாவோடு புதுச்சேரி ஜிப்மரில் 17 நாள். தாத்தா சாவு, பெரியம்மா சாவு. தம்பி மகள் கல்யாணம். அவ்வளவுதான். 68 வருடத்தில் அம்மா வெளியில் கழித்த ராத்திரிகள் எல்லாம் யாரோ பிறந்ததற்கு, யாரோ படுத்ததற்கு, யாரோ செத்ததற்கு. அதிலும் பாதி ராத்திரி தூங்கவில்லை.

“இது எந்தக் கணக்குல வரும்?” என்றார் அம்மா. சிரித்தோம். எனக்குத் தொண்டை அடைத்தது.

மறுநாள் விடிவதற்கு முன் கண் விழித்தால் பக்கத்தில் அம்மா இல்லை. பின்பக்கம் சமையல் கொட்டகையில் பேச்சுக் குரல். எங்களுக்குச் சமைக்க வருகிற அக்கா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். எதிரில் அம்மா உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கா உன்ன இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்?” என்றேன்.

“கை சும்மா இருக்க மாட்டேங்குது பாப்பா.”

அந்த அக்கா மலையாளிப் பழங்குடிப் பெண். இரண்டு மலைச்சரிவு தாண்டி இருட்டோடு நடந்து வருகிறார். வீட்டில் மரவள்ளியும் சாமையும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியில். நாங்கள் என்ன வேலையாக வந்திருக்கிறோம் என்று கேட்டார்.

“சும்மாதான் அக்கா.”

“சும்மாவா?” என்று சிரித்தார். “நாங்களும் வெளியூர்ல தங்குவோம். குடகுக்குக் காப்பிப்பழம் பறிக்கப் போனா ரெண்டு மாசம். ஒரே கொட்டாயில பத்துப் பேரு. படுத்தா திரும்பிப் படுக்க முடியாது.”

எங்களுக்குச் சமைத்தால் நாளைக்கு 300 ரூபாய் என்றார். ராத்திரியில் நாங்கள் காய்ந்த விறகும் அவர் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போட்டதுதான்.

ஊரில் நான் வகுப்பில் அடிக்கடி சொல்லும் பெயர் வர்ஜீனியா வுல்ஃப். ஒரு பெண் எழுத வேண்டுமென்றால் வருடத்துக்கு 500 பவுண்டும், தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று 1929-இல் புத்தகம் போட்டவர். இங்கிலாந்தின் ரோட்மெல் கிராமத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதன் தோட்டத்தில் மரத்தாலான சின்னக் குடிலில் உட்கார்ந்துதான் எழுதுவார். அவர் வீட்டில் 1916 முதல் 1934 வரை சமைத்தவர் நெல்லி பாக்சால். வுல்ஃபின் நாட்குறிப்புகளில் நெல்லியோடு போட்ட சண்டைகள் நிறைய வருகின்றன. வுல்ஃபையும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் பற்றி அலிசன் லைட் 2007-இல் தனி நூலே எழுதியிருக்கிறார். அறை வேண்டும் என்ற வுல்ஃபின் கோரிக்கை இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த அறைக்கு வெளியே உலை வைத்தவளுக்கு அறை எங்கே என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

அந்தக் கேள்வி இப்போது என் எதிரில் அடுப்பூதிக்கொண்டிருந்தது. “நாங்களே சமைச்சுக்கிறோம், நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா” என்று சொல்லலாம். சொன்னால் அவருக்கு 300 ரூபாய் போகும். சொல்லாவிட்டால் அவர் முதுகின் மேல்தான் என் ஓய்வு. இரண்டையும் யோசித்தேன். கிளம்பும்போது கையில் கூடுதலாகக் கொஞ்சம் பணம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. அன்று மதியம் சாப்பிட்டதும் அம்மா பலகைத் தரையில் புடவை முந்தானையை விரித்துத் தூங்கிப்போனார். காய்ச்சல் இல்லாமல் அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. மூன்று மணி நேரம். எழுப்பாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பாத்திரம் கழுவ வந்த அக்கா எட்டிப் பார்த்தார். “தூங்கட்டும், தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பாத்திரங்களைச் சத்தம் வராமல் தள்ளி எடுத்துப் போனார்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில் கேட்டார்கள்: “ரெண்டு நாளா ஆளக் காணோமே, யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மா போனோம்” என்றார் அம்மா.

அம்மாவின் கணக்கில் இப்போது சும்மா என்று இரண்டு ராத்திரி இருக்கிறது. அந்த அக்காவின் கணக்கில் இன்னும் ஒன்றுகூட இல்லை.