மணல் பிடிக்காதவனின் கல்யாண வீடு

சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம்னா லேசர் வாள், விண்கலம், ரோபோ... இதெல்லாம்தான் உங்களுக்கு ஞாபகம் வரும். ஆனா, 'ஸ்டார் வார்ஸ்' கதையையே புரட்டிப்போட்டது ஒரு காதல் பாஸ்! அனகின் - பத்மே காதல்.

அவங்க காதலிச்ச இடம், சண்டை போட்ட இடம் எல்லாத்தையும் ஏதோ தூரத்துக் கிரகம்னு படத்துல சொல்வாங்க. நம்பாதீங்க. அதுல பல இடங்கள் இத்தாலியில் இருக்கு. வடக்கே ஏரியில் ஆரம்பிச்சு, தெற்கே எரிமலையில் முடியுது. வாங்க, ஒரு ரவுண்டு போகலாம். டிக்கெட்டுக்குக் காசு என்கிட்டயும் இல்லை. மேப்பையும் படத்தையும் மாத்தி மாத்திப் பார்த்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து போட்ட ரூட் இது!

முதல் ஸ்டாப்: ஏரி

மிலன் நகரத்துல ரயில் ஏறினா சுமார் ஒரு மணி நேரத்துல கோமோ. 400 மீட்டருக்கு மேல் ஆழமான ஏரி. அங்கிருந்து படகிலோ பஸ்ஸிலோ லென்னோ என்ற சின்ன ஊருக்குப் போகணும். தண்ணிக்குள் மூக்கை நீட்டுற மாதிரி ஒரு மேடு. அதன் நுனியில் நிக்குது, வில்லா டெல் பால்பியானெல்லோ.

ஒரு காலத்தில் அது துறவிகள் மடமா இருந்த இடம். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் துரினி என்ற கார்டினல் அதை மாளிகையாக்கினார். மடத்தோட ரெண்டு மணிக்கூண்டுகள் இன்னும் மிச்சம். கடைசி உரிமையாளர் கைடோ மொன்ஸினோ, 1973-ல் எவரெஸ்ட் ஏறிய முதல் இத்தாலியக் குழுவுக்குத் தலைவர். அவர் 1988-ல் இறந்ததும் மாளிகை ஒரு அறக்கட்டளை கைக்குப் போச்சு. இப்போ டிக்கெட் எடுத்தா யாரும் பார்க்கலாம். 2018 நவம்பரில் தீபிகா படுகோன் - ரன்வீர் சிங் கல்யாணம் நடந்ததும் இங்கேதான்.

ஆனா, அவங்களுக்கு முன்னாடியே ஒரு ஜோடி இங்கே கல்யாணம் பண்ணிக்கிச்சு. 2000-ல் ஜார்ஜ் லூகாஸ் 'அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்' படத்தை இங்கே ஷூட் பண்ணினார். படம் 2002-ல் ரிலீஸ். அனகினா ஹேடன் கிறிஸ்டென்சன், பத்மேயா நடாலி போர்ட்மேன்.

ஏரியைப் பார்த்த மேல்தளத்தில் ரெண்டு பேரும் நிக்கிறாங்க. பையன் ரொமான்ஸ் பண்ண வேண்டிய நேரத்துல, தனக்கு மணல் பிடிக்காதுன்னு ஆரம்பிப்பான். சொரசொரன்னு இருக்கும், எல்லா இடத்துலயும் ஒட்டிக்கும்னு ஒரே புலம்பல். உலகமே கலாய்ச்ச டயலாக். நாங்களும் ஹாஸ்டல்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். ரெண்டாவது தடவை பார்த்தப்போதான் உறைச்சது. அவன் பாலைவனக் கிரகத்துல அடிமையா வளர்ந்த பையன். அம்மாவை அந்த மணல்லயே விட்டுட்டு வந்தவன். மணல் அவனுக்கு மணல் இல்லைங்க!

படத்தோட முடிவுல அதே ஏரிக்கரையில் ரகசியக் கல்யாணம். ஜெடை வீரனுக்குப் பாசம், பந்தம் எதுவும் கூடாதுங்கிறது விதி. அதனால சாட்சிக்கு ரெண்டு ரோபோ மட்டும்! நம்ம ஊர்ல தனித் திருமணச் சட்டத்துல கல்யாணம் பண்ணணும்னாகூட மூணு மனுஷங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்.

ரெண்டாவது ஸ்டாப்: அரண்மனை

ரயில்ல தெற்கே இறங்குனா, நேப்பிள்ஸ் பக்கத்துல கஸெர்ட்டா. 1752-ல் கட்ட ஆரம்பிச்ச அரண்மனை. சுமார் 1,200 அறைகள்! 1999-ல் வந்த 'த பேன்டம் மெனஸ்' படத்துல பத்மேயின் அரண்மனை உள்ளே இதுதான். கதைப்படி 14 வயசுலயே மக்கள் ஓட்டுப் போட்டு ராணி ஆக்கின பொண்ணு அவ.

அவ்வளவு விவரமான பொண்ணுகிட்ட அனகின் ஒரு உண்மையைச் சொல்றான். அம்மா சாவுக்குப் பழிவாங்க ஒரு கூட்டத்தையே, பெண்கள், குழந்தைகளோடு வெட்டிப்போட்டுட்டேன்னு. அழுதுட்டே சொல்றான். அவளுக்குப் பாவமா இருக்கு. அதுக்கப்புறம்தான் அந்தக் கல்யாணம். கிரகத்தையே ஆண்டவளுக்கும் அழுகை கண்ணை மறைச்சிருச்சு!

கடைசி ஸ்டாப்: எரிமலை

சிசிலித் தீவுக்குப் போற ரயிலே ஒரு அதிசயம். கடல் வந்ததும் ரயிலைப் பிரிச்சு, துண்டு துண்டாகக் கப்பலுக்குள் தள்ளி, அந்தக் கரையில் இறக்கி, திரும்பக் கோத்துடுவாங்க. என்ஜினீயரிங் மக்களே, இதுக்காகவே போகலாம்!

அங்கே எட்னா எரிமலை. 3,300 மீட்டருக்கு மேல் உயரம், ஒவ்வொரு குமுறலிலும் உயரம் மாறும். கத்தானியா ஊர்லேருந்து பஸ்ல 1,900 மீட்டர் வரைக்கும் போய், கேபிள் காரில் 2,500 மீட்டர் வரை ஏறலாம். நிஜமாவே எட்னா கக்கின நெருப்பைப் படம்பிடிச்சு, 2005-ல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்துல முஸ்தஃபார் என்ற நெருப்புக் கிரகமாக் காட்டினாங்க.

பத்மே பிரசவத்துல செத்துடுவாள்னு அனகினுக்குக் கனவு வருது. பயம். யோடாகிட்ட போறான், ஆனா ஆள் யாருன்னு சொல்ல முடியலை. கல்யாணம்தான் ரகசியமாச்சே! மனசு விட்டுப் பேச மிச்சமிருந்தது பால்பட்டைன் ஒருத்தன்தான். அவன்தான் வில்லன். கடைசியில் அந்த நெருப்பு ஓரத்துல, சந்தேகப்பட்டு, கர்ப்பிணி மனைவியின் கழுத்தை நெரிச்சது அனகினேதான். எவளைக் காப்பாத்தணும்னு எல்லாத்தையும் செஞ்சானோ, அவளையே!

இந்த சீனுக்கு மட்டும் நான் சிரிக்கலை. போன செமஸ்டர்ல, போனை எடுக்கலைன்னு ஒரே ராத்திரியில் ஒருத்திக்கு 43 தடவை கால் பண்ணினவன் நான். அவளுக்கு ஜுரம், தூங்கிட்டு இருந்திருக்கா. 'லவ் பண்றதாலதான் பயந்தேன்'னு மறுநாள் சொன்னேன். 'உன் பயத்தைப் பார்த்தா எனக்குத்தான் பயமா இருக்கு'ன்னுட்டா. அப்புறம் பேசலை. எங்க விஷயம் ரூம்மேட்டுக்குக்கூடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அஞ்சாவது காலிலேயே போனைப் பிடுங்கியிருப்பான்!

சரி, நீங்க போறப்போ ஒண்ணு கவனிங்க. லென்னோ மாளிகை எல்லா நாளும் திறந்திருக்காது, குளிர்கால மாதங்கள்ல மூடிடுவாங்க. விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. காதலிச்சவங்களோட போறீங்களா? சந்தோஷம். ஆனா, எங்கே போறீங்கன்னு ஒரு ஃப்ரெண்டுகிட்டயாவது சொல்லிட்டுப் போங்க. ரோபோகிட்ட இல்லை, மனுஷன்கிட்ட!