ரோட்டுக்கு அந்தப் பக்கம் நோன்பு

கடை அல் ஐனில், ரூம் புரைமியில். 1998-லிருந்து எட்டு வருஷம் என் பிழைப்பு இப்படி ஓடியது. அல் ஐன் அமீரகம், புரைமி ஓமான். ஓமான்காரர்களின் சோதனைச்சாவடி சோஹார் போகும் வழியில் வாதி ஜிஸ்ஸியில் இருந்ததால், ஊருக்குள் எவனும் எதுவும் கேட்கமாட்டான். என் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அது இல்லாமலே தினம் ரெண்டு தடவை நாடு மாறினேன்.

புரைமியில் வாடகை மலிவு. மளிகைக்கடையில் திர்ஹமும் செல்லும், ரியாலும் செல்லும். ரியாலுக்கு ஒன்பதரைத் திர்ஹம் என்று மனக்கணக்குப் போடத் தடுமாறுகிறவன் ஊருக்குப் புதுசு.

வெயிலைப் பற்றி என்ன சொல்ல? ராத்திரி குழாயைத் திறந்தாலும் வெந்நீர்தான். சாயங்காலம் பேரீச்சந்தோப்புக்குள் போய் ஃபலஜ் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்காருவேன். பூமிக்கடியில் வெகுதூரம் வரும் தண்ணீர் அது. முறைவைத்துத்தான் பாய்ச்சுவார்கள். எங்கள் ஊர் மடைச்சண்டைகள் ஞாபகம் வரும்.

சண்டை அங்கேயும் நடந்ததுதான். சோலைக் கிராமங்கள் மொத்தம் ஒன்பது. ஆறு அபுதாபிக்கு, மூன்று ஓமானுக்கு. எண்ணெய் ஆசையில் 1952-ல் சவூதிக்காரர்கள் ஹமாஸாவில் வந்து உட்கார்ந்தார்கள். 1955-ல் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழிருந்த படை துரத்தியது. அதே ஹமாஸாவில்தான் எங்கள் ரூம். சண்டை நடந்த மண் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிறை பார்க்கும்போது மட்டும் எல்லை தெரியும். சில வருஷம் அமீரகத்தில் பெருநாள் என்று அறிவித்துவிடுவார்கள், ஓமானில் இன்னும் ஒரு நோன்பு பாக்கி இருக்கும். ரோட்டைத் தாண்டினால் பிரியாணி. ரூமில் இருந்த காயல்பட்டினத்துக் காக்கா புரைமியில் சாயாக்கடை வைத்திருந்தார். அல் ஐனுக்கு வரச்சொன்னால் அசையமாட்டார்.

"நோன்பு வச்ச ஊர்லதான் தம்பி பெருநாளும்."

முதலில் கம்பிவேலி எழும்பியது. பிறகு 2006-ல் சாவடி வைத்து பாஸ்போர்ட் கேட்க ஆரம்பித்தார்கள். நடந்து போன கடைக்கு ஹீலி வழியாகச் சுற்றவேண்டும். என் விசா அமீரகத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். காக்காவின் விசா ஓமானில்.

அந்த வருஷம் அவருக்குப் பெருநாள் என்றைக்கு என்று போன் போட்டுத்தான் கேட்டேன்.